தொலைவில் இருக்கும் கோப்பும் நோட்.ஜேஎஸ் சர்வரின் நினைவகமும்

அனைவருக்கும் வணக்கம். அமேசானின் எஸ்3 போன்ற கிளவுட் சேமிப்பகத்திலோ, பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற முறையான எஸ்எஃப்டிபி வழியாக எட்டக்கூடிய வேறொரு கணினியிலோ இருக்கும் கோப்புகளை நோட்.ஜேஎஸ் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் சூழல்) நிரலிலிருந்து எப்படிக் கையாள வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எந்தச் சேமிப்பகமாக இருந்தாலும் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: கோப்பு முழுவதையும் சர்வரின் நினைவகத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

சோதனைக்காக எழுதப்படும் நிரலில் கோப்பு முழுவதையும் ஒரே பஃபரில், அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியில், வாங்கி, அதை அப்படியே ரெஸ்பான்ஸில் அனுப்பிவிடுகிறோம். கோப்பு சிறியது, கேட்பவரும் ஒருவரே என்பதால் எந்தச் சிக்கலும் தெரிவதில்லை. ஆனால் 200 எம்பி கோப்பு ஒன்றைப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால், அதற்கு மட்டுமே 2 ஜிபி நினைவகம் தேவைப்படும். இப்போது திரையில் நான் ஓடவிட்டிருப்பது புராசஸின் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் process.மெமரியூசேஜ் தரும் எண்கள். இவற்றைச் சற்று நிதானமாகக் கவனியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பொருள்கள் இருக்கும் ஹீப் பகுதியின் பயன்பாடான ஹீப்யூஸ்ட் என்ற எண் ஏறக்குறைய அசையாமல் நிற்க, பஃபர்களின் அளவான அர்ரேபஃபர்ஸ், புராசஸின் மொத்த நினைவகமான ஆர்எஸ்எஸ் ஆகிய இரண்டும் ஏறிக்கொண்டே போகின்றன. பஃபர்களின் தரவு, நோடின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8இன் ஹீப்புக்கு வெளியே வைக்கப்படுவதே இதற்குக் காரணம். ஹீப்பை மட்டும் கண்காணித்துக்கொண்டிருப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். நிரல் ஓடும் தனித்த சூழலான கன்டெய்னரின் நினைவக வரம்பு மீறப்பட்டு புராசஸ் கொல்லப்படும்போது, லாகில் எந்தப் பிழைச் செய்தியும் பதிவாகியிருக்காது.

இதற்கான வழி ஸ்ட்ரீம். அமேசான் கிளவுடை நிரலிலிருந்து அணுக உதவும் ஏடபிள்யூஎஸ் எஸ்டிகேயின் 3ஆம் பதிப்பில், கோப்பைக் கேட்கும் கெட்ஆப்ஜெக்ட்கமாண்ட் அனுப்பினால், நோட் சூழலில் பாடி என்ற பெயரில் உங்கள் கைக்கு வருவது படிக்கத்தக்க ஒரு ஸ்ட்ரீம்தான். அதை ரெஸ்பான்ஸுடன் இணைத்துவிட்டால், வாய்க்காலில் நீர் ஓடுவதைப்போலத் தரவு சிறிது சிறிதாகக் கடந்துபோகும். பெறுபவரின் இணைப்பு மெதுவாக இருந்தால், எழுதும் பக்கத்தின் பஃபர் நிரம்பியவுடன் படிக்கும் பக்கம் தானாகவே நிறுத்தி வைக்கப்படும்; பேக்பிரஷர் என்று சொல்வது இதைத்தான்.

இணைப்பதற்குப் பைப் என்ற பழைய மெத்தடைப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். பதிவிறக்கம் பாதியில் இருக்கும்போது பயனர் பிரௌசரை மூடிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதும் பக்கம் மூடப்பட்டுவிடும், ஆனால் பைப் மெத்தட் படிக்கும் பக்கத்தை மூடாது. ஆகவே சேமிப்பகத்துடனான சாக்கெட், அதாவது பிணைய இணைப்பு, திறந்தபடியே கிடக்கும். எஸ்டிகே இயல்பாக அனுமதிப்பது 50 சாக்கெட்டுகளைத்தான். இப்படி மூடப்படாத சாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சேரச்சேர, புதிய கோரிக்கைகள் வரிசையில் காத்திருக்கத் தொடங்கும். சர்வர் உயிரோடு இருக்கும், சிபியு சும்மா இருக்கும், பதில் மட்டும் வராது. நோட் 10ஆம் பதிப்பில் வந்த பைப்லைன் ஃபங்ஷன் இந்தச் சிக்கலுக்கு இடம் தருவதில்லை. ஒரு முனையில் பிழை ஏற்பட்டாலோ இணைப்பு அறுந்தாலோ மறுமுனையையும் அதுவே மூடிவிடும். பாடியை வாங்கிவிட்டு, ஏதோவொரு நிபந்தனை காரணமாக அதைப் படிக்காமலேயே திரும்பிவிடும் நிரலிலும் இதே சாக்கெட் கசிவு உண்டு என்பதால், அத்தகைய இடங்களில் ஸ்ட்ரீமை டெஸ்ட்ராய் செய்துவிட வேண்டும். காணொளிக் கோப்புகளை வழங்குபவர்கள் கோப்பின் எந்தப் பகுதி வேண்டும் என்று பிரௌசர் சொல்லும் ரேஞ்ச் ஹெட்டரையும் சேமிப்பகத்துக்கு அனுப்பி, பகுதி மட்டுமே வருகிறது என்பதைக் குறிக்கும் 206 என்ற பதிலையே திருப்பித் தாருங்கள்.

பதிவேற்றத்தில் கணக்கு சற்று மாறுகிறது. எஸ்3இல் ஒரே புட் (பதிவேற்ற) கோரிக்கையில் 5 ஜிபி வரைதான் அனுப்பலாம். அதன் நீளமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீளம் தெரியாத ஸ்ட்ரீமுக்கு எஸ்டிகேயின் லிப்-ஸ்டோரேஜ் பேக்கேஜில் உள்ள அப்லோட் கிளாஸ் பொருத்தமானது. அது இயல்பாக 5 எம்பி துண்டுகளாகப் பிரித்து, ஒரே நேரத்தில் நான்கு துண்டுகளை அனுப்புகிறது. அதாவது ஒரு பதிவேற்றத்துக்கு ஏறத்தாழ 20 எம்பி நினைவகம் போதும். ஆனால் மொத்தத் துண்டுகள் 10,000ஐத் தாண்டக் கூடாது என்பதால், 50 ஜிபியை நெருங்கும் கோப்புகளுக்குத் துண்டின் அளவை நீங்களே கூட்டித் தர வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. பிழை ஏற்பட்டால் அப்லோட் கிளாஸ் தான் அனுப்பிய துண்டுகளைத் தானே அழித்துவிடும். ஆனால் புராசஸே பாதியில் கொல்லப்பட்டால் அழிப்பதற்கு ஆள் இருக்காது. எஞ்சிய துண்டுகள் பக்கெட்டின் (எஸ்3இல் கோப்புகளை வைக்கும் தொகுப்பின்) வழக்கமான பட்டியலில் தென்படுவதில்லை, கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். முடிவடையாத பதிவேற்றங்களைச் சில நாட்களில் கைவிடச் சொல்லும் லைஃப்சைக்கிள் விதியைப் பக்கெட்டை உருவாக்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள்.

எஸ்எஃப்டிபி சேமிப்பகத்தின் இயல்பு வேறு. ஒவ்வொரு இணைப்புக்கும் சாவிப் பரிமாற்றமும் அடையாளச் சரிபார்ப்பும் நடந்தாக வேண்டும் என்பதால், கோப்புக்கு ஒன்றாக இணைப்பைத் திறந்து மூடுவது வீண் தாமதம். மேலும், எஸ்3இல் பதிவேற்றம் முழுமையான பிறகே கோப்பு பிறர் கண்ணில் படும். எஸ்எஃப்டிபியில் எழுத எழுதவே தெரியத் தொடங்கிவிடும். மறுமுனையில் காத்திருக்கும் நிரல் அரைகுறைக் கோப்பை எடுத்துச் சென்றுவிடாமல் இருக்க, தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, அதன் பிறகு பெயரை மாற்றுங்கள். இந்த உத்தியை எஸ்3க்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே வழக்கமான பக்கெட்டுகளில் பெயர் மாற்றுவது என்றால் நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிப்பதுதான். தொலைவில் உள்ள பாதைகளைச் சேர்ப்பதற்கு path.posix.ஜாயின் பயன்படுத்துங்கள், வெறும் path.ஜாயின் விண்டோஸில் ஓடும்போது பின்சாய்கோடு போட்டுவிடும்.

கோப்பின் உள்ளடக்கத்தை உங்கள் சர்வர் பார்க்கவே தேவையில்லை என்றால், அது சர்வர் வழியாக வரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும்படி முன்கூட்டியே கையொப்பமிட்ட முகவரியான பிரீசைன்ட் யூஆர்எல் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால், பிரௌசர் நேரடியாகச் சேமிப்பகத்துடன் பேசிக்கொள்ளும். எஸ்டிகே வழியாக அதற்கு அதிகபட்சம் 7 நாள் ஆயுள் தரலாம். தற்காலிகச் சான்றுகளால் கையொப்பமிட்டிருந்தால், அந்தச் சான்றுகள் காலாவதியாகும்போதே யூஆர்எல்லும் செயலிழந்துவிடும். பயனர்களிடமிருந்து கோப்புகளைப் பெறுவதாக இருந்தால் இதேபோல் கையொப்பமிட்ட பதிவேற்றப் படிவமான பிரீசைன்ட் போஸ்ட் முறையைத் தேர்ந்தெடுங்கள். கோப்பின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவை அதன் பாலிசியிலேயே எழுதிவிட முடியும், வரம்பு மீறிய கோப்பைச் சேமிப்பகமே மறுத்துவிடும்.