மதர்போர்ட் வாங்கப் போகும் மலைநாட்டுத் தம்பி தங்கைகளுக்கு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். ஹற்றனில் கம்பியூட்டர் திருத்தும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் கடைக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஓவர்கிளொக் பண்ண எந்த புரொசசர் நல்லம்?" ஓவர்கிளொக் என்றால், கம்பியூட்டரின் மூளையான புரொசசரைக் கம்பனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. புரொசசரை அப்புறம் பார்ப்போம், முதலில் அதைப் பொருத்தும் பலகை, அதுதான் மதர்போர்ட், எது என்று சொல்லு என்பேன். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நானே ஏமாந்தவன்.

2018இல் கொழும்புக்குப் போய் ஏஎம்டி கம்பனியின் ரைசன் 3 2200ஜி வாங்கினேன். பூட்டில்லாத புரொசசர், வேகத்தைக் கூட்டலாம் என்று படித்திருந்தேன். கையில் மிஞ்சிய காசுக்கு இருப்பதிலேயே மலிவான ஏ320 போர்ட் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை பொடி மெனிக்கே ரயிலில் பெட்டியை மடியில் வைத்தபடியே வந்து சேர்ந்தேன். இரவு முழுக்க, போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயோஸில் தேடினேன். வேகத்தைக் கூட்டும் இடமே இல்லை. ஏ320இல் அந்த வசதி கிடையாது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, கேட்காதது நான்.

எனவே முதலில் போர்டை இயக்கும் சில்லான சிப்செட்டின் பெயரில் முதல் எழுத்தைப் பாருங்கள். ஏஎம்டி பக்கம் பி அல்லது எக்ஸ்: பி450, பி550, பி650, எக்ஸ்570 போன்றவை. ஏ320, ஏ520, ஏ620 இந்த வேலைக்கு வேண்டாம். ரைசன்கள் பெரும்பாலும் பூட்டில்லாதவை, 5800எக்ஸ்3டி மாதிரி சில விலக்கு. இன்டெல் பக்கம் கெடுபிடி அதிகம். புரொசசர் பெயரின் கடைசியில் கே என்ற எழுத்தும் வேண்டும், போர்ட் இசட்690, இசட்790 போல இசட் வரிசையாகவும் இருக்க வேண்டும். இன்டெலின் புதிய பி வரிசையில் ரேம் வேகத்தைக் கூட்டலாம், புரொசசரைக் கூட்ட விடாது. புதிதாகப் பழகுகிறவருக்கு, செலவையும் யோசித்தால், ஏஎம்டியின் பி வரிசையைத்தான் சொல்வேன்.

இனி முக்கியமான விஷயம். போர்டில் புரொசசரைச் சுற்றி, வரிசையாகச் சின்னச் சதுரக் கட்டிகளும், அவற்றை ஒட்டித் தட்டையான சில்லுகளும் இருக்கும். அந்தப் பகுதிக்குப் பெயர் வி.ஆர்.எம். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1.2 வோல்ட்டாக இறக்கி புரொசசருக்குக் கொடுப்பது இதுதான். வோல்ட் இறங்கினால் அம்பியர் ஏறும். 100 வாட் எடுக்கும் புரொசசருக்கு 1.2 வோல்ட்டில் 80 அம்பியருக்கு மேல் போக வேண்டும். அத்தனையும் அந்தச் சின்னச் சில்லுகள், கட்டிகள் வழியாக.

மலையிலிருந்து கொழுந்துச் சாக்குகளை இறக்குவதை நினைத்துப் பாருங்கள். நான்கு பேர் முறை வைத்துச் சுமந்தால் ஒவ்வொருவருக்கும் மூச்சு வாங்கும். எட்டுப் பேர் என்றால் இளைப்பாற நேரம் கிடைக்கும். வி.ஆர்.எம்மில் பேஸ் எனப்படும் பிரிவுகளும் அப்படி முறை வைத்துத்தான் சுமக்கின்றன. பெட்டியில் அச்சடித்த பேஸ் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், அதில் சில வேறு பகுதிகளுக்கு மின்சாரம் கொடுப்பவையாக இருக்கும். அந்தத் தட்டைச் சில்லுகளுக்கு மேல், சூட்டை வாங்கி வெளியேற்றும் கனமான அலுமினிய ஹீட்சிங்க் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

என் இரண்டாவது போர்ட் பி450. எழுத்துச் சரி, ஆனால் வி.ஆர்.எம் சில்லுகள் மேலே வெறுமை, ஹீட்சிங்க் இல்லை. அதில் எட்டுக் கோர் ரைசன் 7 2700ஐப் போட்டு வேகத்தைக் கூட்டினேன். தை மாதக் குளிர் இரவு, புரொசசர் வெப்பநிலை நல்லபடியாகத்தான் காட்டியது. ஆனால் பத்து நிமிடத்தில் வேகம் தானாக விழுந்தது. காரணம் தெரியாமல் மண்டையைக் குடைந்துகொண்டு, அந்தச் சில்லு ஒன்றில் விரலை வைத்தேன். அடுத்த நாள் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியவில்லை.

ஏன் இவ்வளவு சூடு? வேகம் கூடும் அளவுக்குச் சூடும் கூடும். வோல்டேஜைக் கூட்டினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.2ஐ 1.35 ஆக்கி, வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால், சூடு கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறும். பத்துக்கு நாற்பது. இது நல்ல வியாபாரமா என்று நீங்களே சொல்லுங்கள்.

"நம்ம ஊர் குளிர்தானே, ஏசி போட்ட மாதிரி" என்று நுவரெலியா தம்பி ஒருவர் சொன்னார். குளிர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தேயிலை கருகும் உறைபனி இரவில் பரிசோதித்து முடிவு செய்த வேகம், ஏப்ரல் மத்தியானம் தகரக் கூரை போட்ட லய வீட்டுக்குள் நிற்காது. பரிசோதனையை உச்சி வெயிலில் செய்யுங்கள்.

இனி நான் சொல்வது கொழும்புக்காரர்களை விட நமக்கு அதிகம் பொருந்தும். நமக்கு மரம் விழுந்து லைன் அறும். ஏப்ரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மாலையானால் இடி முழங்கும். பயோஸ் புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் போர்ட் செத்த மாதிரி கிடக்கும். பயோஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்ட் என்றால், யூஎஸ்பி குச்சி ஒன்றை வைத்து, புரொசசர் இல்லாமலே பயோஸை மறுபடி ஏற்றி எழுப்பிவிடலாம். தப்பான வோல்டேஜ் போட்டு மெஷின் எழும்பாவிட்டால், பயோஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கிளியர் சிமோஸ் வேண்டும், பின்பக்கப் பட்டனாக இருந்தால் இன்னும் வசதி. எங்கே மாட்டிக்கொண்டது என்று காட்டும் சின்ன எல்ஈடி விளக்குகளும் இருந்தால் நல்லது. பளபளக்கும் ஆர்ஜிபி வெளிச்சத்துக்குக் கொடுக்கும் காசை இவற்றுக்குக் கொடுங்கள். தவறு செய்யாமல் யாரும் இதைப் பழகியதில்லை, மன்னிக்கிற போர்டாக வாங்குங்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 1998இல் 300 மெகாஹேர்ட்ஸ் செலரோனை 450இல் ஓட்டினார்கள், ஐம்பது சதவீத லாபம். இன்றைய புரொசசர்கள் தாங்களே எல்லை வரை ஓடுகின்றன. நமக்கு மிஞ்சுவது சில சதவீதம்தான். முதல் நாள், ரேமைப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டவைக்கும் பயோஸ் அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவைப் போடுங்கள், அதை மறந்து ரேமை அடிப்படை வேகத்திலேயே ஓட்டும் மெஷின்கள் என் கடைக்கு நிறைய வருகின்றன. பிறகு ரைசனில், புரொசசர் தானாகவே இன்னும் வேகமாக ஓட மின்சார எல்லையைத் தளர்த்தும் பிபிஓவைத் தொடலாம். கையால் வோல்டேஜ் கூட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஓவர்கிளொக்கால் வரும் சேதத்துக்கு ஏஎம்டியோ இன்டெலோ பொதுவாக உத்தரவாதம் தருவதில்லை.

இப்போது என்னிடம் ரைசன் 5 5600, நல்ல ஹீட்சிங்க் போட்ட பி550. பெட்டியின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். எந்த மாதம், எந்த நேரம், என்ன வேகம், எவ்வளவு சூடு என்று பேனாவால் எழுதியது. கடைசி வரியில் இருப்பது: "சித்திரை வெயில் வந்ததும் திரும்பப் பார்க்க."

நன்றி, வணக்கம்.