இருபது நிமிஷ வித்தியாசத்துல கிடைச்ச பரிசு

தம்பிங்களா தங்கச்சிங்களா, வணக்கம். நான் முதல்ல வேலைக்குச் சேர்ந்த இடத்துல பெல் கர்வ் வச்சுதான் ரேட்டிங், அதாவது டீம்ல அத்தனை பேரும் நல்லா பண்ணிருந்தாலும் ரெண்டு பேருக்கு கடைசி ரேட்டிங் போட்டே ஆகணும். என் பக்கத்து சீட்டு நண்பன் ரெண்டு நாள் வேலைய பத்து நிமிஷத்துல முடிக்கிற ஒரு சின்ன கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதி, அப்ரைசல் முடியற வரைக்கும் யார் கண்ணுலயும் காட்டல, நாங்க அதே வேலைய ராத்திரி உக்காந்து கையால பண்ணிட்டு இருந்தோம். அவன்மேல எனக்கு கோவம் இல்ல. விதிய அப்படி எழுதி வச்சா மனுஷன் அப்படித்தான் நடப்பான்.

இப்ப 2006 அக்டோபருக்கு வாங்க. நெட்பிளிக்ஸ் அப்ப தபால்ல டிவிடி அனுப்புற கம்பெனி. யாருக்கு எந்தப் படம் பிடிக்கும்னு எங்க சிஸ்டத்த விட 10 சதவீதம் துல்லியமா கணிச்சுக் காட்டுங்க, பத்து லட்சம் டாலர் தர்றோம்னு அறிவிச்சாங்க. 17,770 படத்துக்கு பாத்தவங்க போட்ட 10 கோடி ரேட்டிங், ஆளுங்க பேர எடுத்துட்டு குடுத்துட்டாங்க.

இவ்ளோ பணம்னா அவனவன் வாய மூடிட்டு இருப்பான்னுதானே தோணும்? ரெண்டு மாசம் தாண்டி கொஞ்ச நாள்தான் ஆச்சு, போட்டியோட ரேங்க் பட்டியல்ல மேல இருந்த ஒருத்தர், சைமன் ஃபங்க்னு புனைபேர் வச்சிருந்தவர், தன்னோட முறைய விளக்கமா எழுதி இன்டர்நெட்ல போட்டுட்டார். அது அவர் மனசு. ஆனா விதியிலயும் ஒண்ணு இருந்துச்சு, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் அதுதான்: வருஷா வருஷம் முன்னேற்றத்துக்கு 50,000 டாலர் உண்டு, ஆனா வாங்கறவங்க எப்படி பண்ணோம்னு எழுதி வெளியிடணும். 2007ல ஏடி&டிங்கற அமெரிக்க டெலிபோன் கம்பெனி ஆராய்ச்சியாளர்களோட பெல்கோர் டீம் 8.43 சதவீதத்துக்கு அத வாங்குனாங்க, அவங்க எழுதினத மத்த டீம் எல்லாம் படிச்சாங்க.

கடைசி ஒண்ணரை சதவீதம்தான் உயிர எடுத்துச்சு. ஒரு டீம் தப்பு பண்ற இடத்துல இன்னொரு டீம் சரியா கணிக்கும், ரெண்டையும் கலந்தா தப்பு குறையுது, அதனால எதிராளிதான் இப்ப கூட்டாளியா தேவை! பெல்கோர் ஆஸ்திரியாக்காரங்களோட சேர்ந்தாங்க, அப்புறம் கனடாக்காரங்க ரெண்டு பேரும் வந்தாங்க, மொத்தம் ஏழு பேர். 2009 ஜூன்ல 10 சதவீதத்த தாண்டிட்டாங்க. உடனே பரிசு இல்ல, மத்தவங்களுக்கு இன்னும் 30 நாள் டைம்னு விதி. அந்த முப்பது நாள்ல, அதுவரைக்கும் போட்டி போட்டுட்டு இருந்த பல டீம் ஒண்ணா சேர்ந்து தி என்செம்பிள்னு வந்து நின்னாங்க. ரிசல்ட்ல ரெண்டு டீமுக்கும் அதே 10.06 சதவீதம். ஏழு பேர் டீம் இருபது நிமிஷம் முன்னாடி அனுப்பியிருந்துச்சு, பணம் அவங்களுக்கு. அந்த ஏழு பேரும் ஒண்ணா நேர்ல பாத்துக்கிட்டதே பரிசு வாங்கற அன்னைக்குத்தான்.

ஜெயிச்ச அந்தப் பெரிய கலவைய நெட்பிளிக்ஸ் முழுசா பயன்படுத்தல, அதுக்கான இன்ஜினியரிங் வேலைக்கு அந்தக் கூடுதல் துல்லியம் கட்டுபடியாகலன்னு சொல்லிட்டாங்க. அவங்க எடுத்து ஓட்டுனது, 2007ல 50,000 டாலருக்காக எழுதிக் குடுத்தாங்களே, அதுல இருந்த ரெண்டு முறைய.