பொருளைச் சுற்றி நின்று பேசுவது: அருங்காட்சியகத்தில் சமய உரையாடல்

அருங்காட்சியகப் பணியாளர்களே, ஆசிரியர்களே, தன்னார்வ வழிகாட்டிகளாகப் பெயர் கொடுத்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சமய நல்லிணக்க விழா நம் ஊரில் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேடையில் மூன்று நாற்காலி. ஒன்றில் அடிகளார், ஒன்றில் பங்குத்தந்தை, ஒன்றில் இமாம். குத்துவிளக்கு, பொன்னாடை, ஆளுக்குப் பதினைந்து நிமிடம். எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்று மூவரும் சொல்வார்கள். கைதட்டல் விழும். காபி குடித்துவிட்டு அவரவர் ஆட்களோடு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூடப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். இதையே நடத்துவதற்கு அருங்காட்சியகம் எதற்கு? கல்யாண மண்டபம் போதும், வண்டி நிறுத்தவும் இடம் இருக்கும்.

நம் கையில் இருப்பவை பொருள்கள். "நீங்கள் ஏன் இதை நம்புகிறீர்கள்?" என்று ஒருவரைக் கேட்டால் அவர் வாதத்துக்குத் தயாராகிவிடுவார். "இதை வீட்டில் எங்கே வைப்பீர்கள்? யார் தொடலாம்? உடைந்துபோனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பாட்டி காலத்துக் கதையிலிருந்து தொடங்குவார். இன்று நான் பேசப் போவதெல்லாம் இந்த இரண்டாவது வகைக் கேள்விக்கு எப்படி வழி செய்வது என்பதைப் பற்றித்தான்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துப் பேராலயத்தின் பக்கத்திலேயே செயின்ட் மங்கோ அருங்காட்சியகம் இருக்கிறது. சமய வாழ்வுக்கும் சமயக் கலைக்கும் மட்டுமே ஆனது. பேராலயத்துக்கு வருகிறவர்களுக்கான வரவேற்பு மையமாகத்தான் கட்ட ஆரம்பித்தார்கள். பாதியில் பணம் தீர்ந்தது. நகராட்சி ஏற்றுக்கொண்டு 1993-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. கத்தோலிக்கர், புரோட்டஸ்டண்ட் பிணக்கு கால்பந்து மைதானம் வரைக்கும் பாய்கிற ஊர் அது. செல்டிக் அணியா, ரேஞ்சர்ஸ் அணியா என்று கேட்டாலே ஆள் எந்தச் சபை என்று ஊகித்துவிடுவார்கள். அதற்கு மேல் இஸ்லாமியர், சீக்கியர், இந்துக்கள் எனக் குடியேறியவர்கள்.

அங்கே ஒரு கூடத்தில் பொருள்களை மதவாரியாக அடுக்கவில்லை. குழந்தைப் பருவம், வயதுக்கு வருதல், திருமணம், மரணம், மறுமை என்று வாழ்க்கையின் படிகளாக அடுக்கினார்கள். இது வெறும் அலங்கார யோசனை அல்ல. மதவாரியாக வைத்தால் வருகிறவர் நேரே தன் மதத்துப் பேழைக்குப் போவார், நம்மைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பார், மற்றவற்றைக் கடந்து போய்விடுவார். பிறப்பு, இறப்பு என்று வைத்தால் தன்னுடையதைத் தேடும்போதே அடுத்தவருடையதும் கண்ணில் பட்டுவிடும்.

திறந்த ஆண்டிலேயே அடியும் விழுந்தது. கையில் பைபிளோடு வந்த ஒருவர் அங்கிருந்த நடராசர் சிலையைத் தள்ளிவிட்டார். சிலை சேதமானது. இதில் நமக்கு இரண்டு பாடம். முதலாவது தொழில்நுட்பம்: திருவாசி, அதாவது சுற்றிலும் சுடர் வளையம், கொண்ட வெண்கலம் அகலமாக, உயரமாக இருக்கும், அடிப்பீடமோ குறுகலாக இருக்கும். ஒரு கை பட்டாலே சாயும். பேழை இல்லாமல் வைப்பதானால் பீடத்தோடு முளையடித்துப் பிணைக்க வேண்டும், பீடத்தின் எடை சிலையைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், கை எட்டாத தூரத்தில் கயிறு கட்ட வேண்டும், பணியாளர் ஒருவர் பார்வைக்குள் நிற்க வேண்டும். இரண்டாவது, இப்படி ஏதாவது நடந்தால் பத்திரிகைக்குச் சொல்வதற்கு முன்னால் அந்தச் சமூகத்தாருக்கு முதல் தொலைபேசி போக வேண்டும். அவர்கள் செய்தியை நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்டால் பல ஆண்டு உறவு ஒரே காலையில் போய்விடும்.

அந்த அருங்காட்சியகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கருத்துப் பலகை. பார்வையாளர் அட்டையில் எழுதிக் குத்திவிட்டுப் போகலாம், அடுத்து வருகிறவர் அதைப் படித்துப் பதில் எழுதலாம். இதை எந்த ஊரிலும் செய்யலாம். அஞ்சலட்டை அளவு அட்டை, பென்சில், ஒரு மென்பலகை போதும். பேனா வேண்டாம், காட்சிக்கூடத்துக்குள் மை எப்போதும் ஆபத்து. தினமும் மாலையில் ஒருவர் படிக்க வேண்டும். தனி ஆளையோ ஒரு சமூகத்தையோ இழிவுபடுத்துகிற அட்டையை எடுத்துவிடுங்கள். அருங்காட்சியகத்தைத் திட்டுகிற அட்டையை எடுக்காதீர்கள். பாராட்டு மட்டும் தொங்குகிற பலகையை யாரும் நம்ப மாட்டார்கள்.

வழிகாட்டி யார் என்பது அடுத்த கேள்வி. பெர்லினில் 2015-ல் முல்தகா என்ற திட்டம் தொடங்கியது. சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அடைக்கலம் தேடி வந்தவர்களையே பயிற்சி கொடுத்து அருங்காட்சியக வழிகாட்டிகளாக்கினார்கள், சுற்றுலாவை அரபு மொழியில் நடத்தினார்கள். இஸ்லாமியக் கலை, பைசாந்தியக் கலை, பண்டை மேற்காசியா, ஜெர்மானிய வரலாறு என்று நான்கு அருங்காட்சியகங்கள் சேர்ந்தன. இஸ்லாமியக் கலைக்கூடத்தில் அலெப்போ அறை என்று ஒன்று உண்டு. சிரியாவின் அலெப்போ நகரத்தில் ஈசா இப்னு புட்ருஸ் என்ற கிறிஸ்தவ வணிகர் வீட்டின் வரவேற்பறைச் சுவர்கள், 1600 முதல் 1603 வரை வண்ணம் தீட்டிய மரப் பலகைகள். வேலைப்பாடு முழுக்க அந்தக் காலத்து இஸ்லாமியக் கலை மரபு. அதற்குள் குழந்தையோடு மரியாள், இயேசுவின் கடைசி இராவுணவு, அரபு எழுத்தில் பைபிளின் சங்கீதப் புத்தக வசனங்கள், கூடவே காதல் கதை மாந்தர்களான லைலா மஜ்னூன். இதற்கு முன்னால் நின்று "இது எந்த மதத்துப் பொருள்?" என்று கேட்டால் போதும், வழிகாட்டி அதற்குப் பிறகு அதிகம் பேச வேண்டியிருக்காது. அது இருக்கும் பெர்கமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டது. நமக்கு வேண்டியது அதன் வழிமுறைதான்.

நம் ஊருக்கு வருவோம். ஒரு நிகழ்வுக்கு 12 முதல் 15 பேர், இரண்டு வழிகாட்டிகள், மூன்று பொருள்கள், 90 நிமிடம். இதற்கு மேல் ஆள் சேர்த்தால் பின்வரிசை என்று ஒன்று உருவாகும், பின்வரிசை பேசாது. ஒரு சமயத்தாரில் குறைந்தது மூன்று பேராவது இருக்கட்டும். தனியாக ஒருவர் மட்டும் வந்தால் உலகத்து முஸ்லிம்கள் அனைவருக்கும், அல்லது கிறிஸ்தவர்கள் அனைவருக்கும், அவரே பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். பாவம். மூன்று பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். எங்கள் வீட்டில் அப்படி இல்லையே என்று ஒருவர் சொல்லும் கணத்தில்தான் மற்றவர்களுக்கு அந்த மதம் ஒற்றைக் கல் அல்ல என்று புரிகிறது.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும்: தலை உச்சியில் தீச்சுடர், கையின் முத்திரை, உடலோடு ஒட்டிய ஆடை. பிறகு பத்து நிமிடம், வீட்டில் எங்கே வைப்பீர்கள், யார் தொடலாம் என்பது போன்ற வீட்டுக் கேள்விகள். கடைசி ஐந்து நிமிடம்தான் வழிகாட்டி வரலாறு சொல்ல வேண்டும். ஆண்டோடும் மன்னர் பெயரோடும் ஆரம்பித்தீர்களானால் எல்லோரும் மாணவர்களாகி வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கடல் கடந்த சுமத்ரா பகுதியின் ஸ்ரீவிஜய அரசர் நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்தை எழுப்பினார். சைவரான முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தான், 21 ஏடு கொண்ட லெய்டன் செப்பேடு அதற்குச் சாட்சி. 1856 தொடங்கி அங்கே சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. ஆங்கில அதிகாரி வால்டர் எலியட் 1846-ல் அங்கே பார்த்து எழுதிய மூன்று நிலைச் செங்கல் கோபுரத்தை 1867-ல் கத்தோலிக்கத் துறவியரான சேசு சபையார் அரசின் அனுமதியோடு இடித்தார்கள். இராஜராஜன் கதையோடு நிறுத்தினால் ஒரு தரப்புக்குப் பெருமைப் பட்டயம் வாசித்ததாகும். இடிப்பை மட்டும் சொன்னால் குழுவிலுள்ள கத்தோலிக்கர் தலைகுனிந்து நிற்பார். இரண்டையும், அனுமதி கொடுத்த ஆங்கில அரசையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள். கசப்பானதை மறைத்தால் எப்படியும் யாராவது கைப்பேசியில் தேடி எடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது பொருள் தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். நேர்த்திக்கடன் தகடுகளைப் பரிந்துரைக்கிறேன். கண், கால், கை, தொட்டில், வீடு என்று உருவம் அச்சடித்த மெல்லிய தகடு. மாரியம்மன் கோயில் வாசலிலும் விற்கிறார்கள், வேளாங்கண்ணியிலும் விற்கிறார்கள், நாகூர் தர்காவிலும் விற்கிறார்கள். மூன்று இடத்திலிருந்தும் கால் உருவத்தை வாங்கி, பெயர் எழுதாமல் மேசையில் வையுங்கள். எது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தகட்டின் விளிம்பு கூர்மையாக இருக்கும், குழந்தைகள் இருந்தால் அரம் போட்டு மழுக்கிவிடுங்கள். ஊகம் பெரும்பாலும் தப்பும், சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு விட்டால் பழையபடி எல்லாம் ஒன்றே என்ற மேடைப் பேச்சில்தான் போய் நிற்போம். தர்காவில் வேண்டுதல் வைப்பதையே ஏற்காத முஸ்லிம்கள் இருக்கிறார்கள், மாதாவிடம் பரிந்துபேசக் கேட்பதை ஏற்காத கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் குழுவில் பேச வேண்டும். வேறுபாடு மேசை மேலேயே கிடக்கட்டும், அதைத் தீர்த்துவைக்கிற வேலை நம்முடையது இல்லை.

பக்தி குறுக்கிடும் என்பதையும் எதிர்பாருங்கள். அம்மன் சிலையைக் கண்டால் சிலர் பூ வைப்பார்கள், கற்பூரம் எடுப்பார்கள். தடுக்கும்போது "இது வெறும் காட்சிப்பொருள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது புண்படுத்தும். காரணத்தைச் சொல்லுங்கள்: ஈரப் பூவும் வியர்வை உப்பும் வெண்கலத்தில் பச்சைப் பொடியாக அரிப்பை எழுப்பும், அதனால்தான் பேழைக்குள் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பார்க்கிறோம். கைகூப்பி வணங்க இடம் விடுங்கள். குர்ஆன் கையெழுத்துப் பிரதியைப் பேழையின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், இடுப்புக்கு மேலே தாங்கியில் வையுங்கள். வெளிச்சம் 50 லக்ஸை (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்ட வேண்டாம். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபைக் காட்சிப்பொருளாகக் கேட்டு வாங்கவே வேண்டாம். சீக்கியருக்கு அது வாழும் குரு.

நாள் குறிக்கும்போது வெள்ளி நண்பகல், ஞாயிறு காலை, ரமலான் மாலை மூன்றையும் விட்டுவிடுங்கள். சாப்பாட்டில் முட்டையில்லாத சைவம் வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. சமணர் இருந்தால் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் ஒரு பண்டமாவது இருக்கட்டும், அதையும் பொழுது சாய்வதற்கு முன்னால் பரிமாறுங்கள்.

முடிந்ததும் நட்சத்திரம் போடச் சொல்லும் படிவம் கொடுக்காதீர்கள். எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள். பார்த்த மூன்று பொருள்களின் விளக்க அட்டையை நகலெடுத்துக் கையில் கொடுத்து, தவறு என்று தோன்றுவதை அடிக்கோடிடச் சொல்லுங்கள். "வழிபட்டார்கள்" என்று இறந்தகாலத்தில் எழுதியிருப்பதை இன்றும் வழிபடுகிற ஒருவர் நிச்சயம் அடிக்கோடிடுவார். அந்தத் தாள்களைக் காப்பாட்சியரிடம் கொடுங்கள். அட்டை மாறும்போது வந்த பதினைந்து பேருக்கும் செய்தி அனுப்புங்கள், அடுத்த நிகழ்வுக்கு அவர்களே ஆள் கூட்டி வருவார்கள்.