பென்சிலை எடுக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். "படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று யாராவது ஒரு கதையையோ கட்டுரையையோ உங்கள் கையில் கொடுத்திருப்பார்கள். நாம் "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுப்போம். இல்லையென்றால் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் திருத்தித் தருவோம். இரண்டாலும் எழுதியவருக்குப் பெரிதாகப் பயனில்லை.

வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: இது முதல் வரைவா, அச்சுக்குப் போகும் வரைவா? முதல் வரைவென்றால் ஒற்றுப்பிழை, ரகர றகரப் பிழை எதையும் தொட வேண்டாம். நீங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒற்றுப் போட்ட பத்தியை அவர் நாளைக்கே எடுத்துவிடக்கூடும். அதைவிட மோசம், அவ்வளவு திருத்திய பத்தியை எடுக்க அவருக்கு மனசே வராது.

முதல் வாசிப்புக்குப் பென்சில் வேண்டாம். ஒரே மூச்சில் படியுங்கள். முடித்ததும், பக்கத்தைப் பார்க்காமல், இது எதைப் பற்றியது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். அதைப் பார்த்து எழுதியவர் "ஐயோ, நான் அதைச் சொல்லவே இல்லையே" என்றால், நீங்கள் பெரிய உதவி செய்துவிட்டீர்கள்.

இரண்டாம் வாசிப்பில் பென்சிலை எடுங்கள். திரும்பப் படிக்க நேர்ந்த இடத்தில் ஓரமாக ஒரு கோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி, பிடித்த இடத்தில் ஒரு டிக். அவ்வளவுதான்.

ஒரு வரியைக் கேளுங்கள்: "நேற்று ஊரிலிருந்து வந்த தம்பியின் நண்பன் அழுதான்." ஊரிலிருந்து வந்தது தம்பியா, நண்பனா? தமிழில் பெயரெச்சம் இப்படி அடிக்கடி காலை வாரிவிடும். எழுதியவர் கண்ணில் இது படாது. வந்தது யார் என்று அவருக்குத்தான் தெரியுமே! இங்கே நமக்குக் கை பரபரக்கும், வாக்கியத்தையே மாற்றி எழுதிவிட. எழுதாதீர்கள். தம்பி வந்ததாக நினைத்து நாம் திருத்துவோம், கதையில் வந்தவன் நண்பனாக இருப்பான். ஓரத்தில் "வந்தது யார்?" என்று எழுதினால் போதும். "தம்பியின் நண்பன் நேற்று ஊரிலிருந்து வந்தான், அழுதான்" என்று அவரே உடைத்துக்கொள்வார். மறுபடியும் சொல்கிறேன், தடுக்கிய இடத்தைக் காட்டுங்கள். சரிசெய்வது அவர் வேலை.

அந்த டிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். "அருமை" என்ற சொல் எந்த வரிக்கு என்று அவருக்குத் தெரியாது. "கிழவி சாவியைத் தேடும் இடத்தில் என்னால் நிறுத்த முடியவில்லை" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால், அடுத்த வரைவில் அந்தப் பத்தியையே அவர் வெட்டிவிடலாம்.

நேரம் நெருங்கிவிட்டது. நேரில் எப்படிச் சொல்வது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறித்தது இருபது இருந்தாலும் பெரிதாக மூன்றைத்தான் பேசுங்கள், மற்றவை ஓரத்திலேயே இருக்கட்டும். "ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்று கேட்க வேண்டாம். "இங்கே எனக்கு இப்படிப் பட்டது" என்று சொல்லுங்கள். அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கிடாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் விடுபட்டுப்போனது பெரும்பாலும் அந்த விளக்கத்தில்தான் இருக்கும். அந்தக் குறிப்பையும் பிரதியோடு சேர்த்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.