டெப்போ போட்டவர் ஏன் திரும்பி வரவில்லை?

காட்சி: கிளினிக் மேசை. நீளமான அட்டைப் பெட்டி. ஒரு கை அட்டைகளைப் புரட்டிச் சிலவற்றை வெளியே உருவுகிறது.

குரல்:
குடும்பத் திட்டமிடல் கிளினிக் எப்படிப் போகிறது என்று கேட்டால், "இந்த மாதம் புதிதாக இத்தனை பேர் சேர்ந்தார்கள்" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியது வேறு. டெப்போ என்பது மூன்று மாதத்துக்கு ஒருதரம் போடும் கருத்தடை ஊசி. மூன்று மாதத்துக்கு முன் அதைப் போட்டவர்களில் எத்தனை பேர் இந்த மாதம் மறுபடி வந்தார்கள்? அடுத்த ஊசித் திகதி கடந்தும் வராதவர்களின் அட்டைகளை மட்டும் எடுத்து ஒரு கட்டாக வையுங்கள். மட்டக்களப்போ அம்பாறையோ, உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பிரிவில் எதைத் திருத்த வேண்டும் என்பதை அந்தக் கட்டே காட்டும்.

சிலர் பிள்ளை வேண்டும் என்று நிறுத்தியிருப்பார்கள். அது அவர்கள் விருப்பம். காரணத்தை எழுதி அட்டையை மூடிவிடலாம். மற்றவர்களிடம் வீட்டுத் தரிசிப்பில் மிட்வைஃப் மிஸ் விசாரித்தால், மூன்று விதமான பதில்கள் அடிக்கடி வரும். "தீட்டு ஒழுங்கில்லாமப் போயிற்று மிஸ்." "ரோட்டுல வெள்ளம் ஏறிற்று." "அங்க எல்லாருக்கும் கேக்கிற மாதிரி விசாரிக்காங்க."

காட்சி: டெப்போ குப்பி ஒன்று, நெருக்கமாக. அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் மருந்து, குலுக்கும்போது கலங்குகிறது.

குரல்:
முதல் பதிலுக்கு வருவோம். டெப்போ போட்ட ஆரம்ப மாதங்களில் இரத்தம் சொட்டுச் சொட்டாக, நாள் கணக்கில்லாமல் படலாம். ஒரு வருடம் தொடர்ந்தால் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மாதவிடாய் நின்றே போகும். இதை ஊசி போட முன்னர் சொல்லியிருந்தால் வந்தவர் எதிர்பார்த்திருப்பார். சொல்லாமல் விட்டால், "கெட்ட இரத்தம் உள்ளுக்க தங்குது" என்று மாமி சொல்வதை நம்புவார். உள்ளே எதுவும் தங்குவதில்லை. கருப்பையின் உட்புறப் படலம் தடிப்பாக வளராததால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஊசியைப் போட்டுவிட்டு வாசலில் வைத்துச் சொன்னால் காதில் ஏறாது. தொல்லை தரும் அளவுக்கு இரத்தம் பட்டால் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அதைக் குறைக்க மருந்து இருக்கிறது.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசியை நிறுத்தியவுடன் பிள்ளை தங்காது. கடைசி ஊசியிலிருந்து சராசரியாக 10 மாதம் எடுக்கும். அடுத்த வருடம் பிள்ளை வேண்டும் என்பவருக்கு இதைச் சொல்லாமல் டெப்போ போட்டால், "ஊசி போட்டு மலடாக்கிற்றாங்க" என்ற கதை அங்கிருந்துதான் கிளம்பும். அவருக்கு மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் லூப், கைத் தோலுக்குக் கீழ் வைக்கும் குச்சி ஆகியவற்றில் ஒன்று பொருந்தும். அவற்றை நிறுத்தினால் இப்படித் தாமதமாகாது.

போடும் முறையிலும் தவறு நடக்கிறது. குப்பியை மெதுவாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் மருந்தில் ஒரு பங்கு அடியிலேயே தங்கி, 150 மில்லிகிராம் முழுதாக உடலுக்குள் போகாது. தசைக்குள் போட்ட பின் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, வீட்டுக்குப் போயும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டுவிடும். தடுப்பூசி போட்ட இடத்தைத் தேய்த்துப் பழகியவர்களிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பாவித்த ஊசிக்கு மூடி போடாமல் அப்படியே கூர்ப்பொருள் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் அதை மூடிவிட வேண்டும்.

காட்சி: கலண்டர். டிசம்பர் 10இல் வட்டம். நொவம்பர் 26 பச்சையாகவும், ஜனவரி 7 மஞ்சளாகவும் மாறுகின்றன.

குரல்:
இனி வெள்ளம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலின்படி டெப்போவை உரிய நாளுக்கு 2 கிழமை முந்தியும் 4 கிழமை பிந்தியும் போடலாம். அட்டையில் டிசம்பர் 10 என்று இருந்தால் நொவம்பர் 26இலிருந்து போடலாம். ஜனவரி 7 வரை வந்தாலும் தொடரலாம், மேலதிகப் பாதுகாப்பு எதுவும் தேவையில்லை.

நம்முடைய பக்கத்தில் இந்தச் சலுகை பெரிய விடயம். கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் ஏறிவிட்டால் அப்பால் உள்ளவர்களுக்குப் படகுதான். கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் பாய்ந்தால் நாவிதன்வெளிப் பக்கத்தில் இருந்து கல்முனைக்கு வருவது பெரும்பாடு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் பொறுப்பான மிட்வைஃப் நொவம்பர் நடுப்பகுதியில் பெட்டியைத் திறந்து, டிசம்பர் முதல் பாதியில் திகதி உள்ளவர்களைப் பிரித்து எடுத்து, மழை இறுக முன்னர் ஊசியைப் போட்டுவிடலாம். வெள்ளத்துக்குப் பிறகு பெரும்போக அறுவடை வரும். கூலிக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கிளினிக்குக்கு வரமாட்டார். அந்த மாதங்களில் கிளினிக்கைப் பின்னேரத்தில் ஒருதரம் வைத்துப் பாருங்கள்.

பிந்தி வந்தவரை "தீட்டு வந்த பிறகு வாங்க" என்று திருப்பி அனுப்பும் பழக்கமும் இருக்கிறது. டெப்போ போட்டவருக்குத் தீட்டு எப்போது வரும் என்று யார் சொல்வது? அந்த இடைவெளியில்தான் பிள்ளை தங்குகிறது.

காட்சி: ஆறு கேள்விகள் கொண்ட தாள், கண்ணாடி உறையில், மேசை ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

குரல்:
புதிதாக வருகிறவரையும் அப்படி அனுப்பத் தேவையில்லை. இந்த ஆறில் ஒன்றுக்காவது "ஓம்" என்று பதில் வந்து, கர்ப்பத்தின் அறிகுறிகளும் இல்லாவிட்டால், கர்ப்பம் இல்லை என்று போதிய உறுதியுடன் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு 6 மாதம் நிறையவில்லை, கிட்டத்தட்ட முழுக்கத் தாய்ப்பால், பிரசவத்துக்குப் பிறகு மாதவிடாய் வரவில்லை: இந்த மூன்றும் சேர்ந்திருக்கிறதா? கடந்த மாதவிடாயிலிருந்து உறவு இல்லையா? கடந்த 4 கிழமைக்குள் பிரசவமா? கடந்த 7 நாளுக்குள் மாதவிடாய் தொடங்கியதா? 7 நாளுக்குள் கருச்சிதைவா? நம்பகமான முறை ஒன்றை ஒழுங்காகப் பாவித்து வருகிறாரா? செம்பு லூப் என்றால் அந்த 7 நாளை 12 ஆக எடுக்கலாம்.

மாதவிடாய் தொடங்கி 5 நாளுக்குள் மாத்திரையோ, 7 நாளுக்குள் டெப்போவோ தொடங்கினால் உடனே பாதுகாப்பு. அதற்குப் பிந்தினால் முதல் 7 நாள் கொண்டமும் வேண்டும். கட்டாரிலிருந்து கணவர் லீவில் வரும் வீடுகளுக்கு இந்த 7 நாள் கணக்கு மிக முக்கியம். விமானம் இறங்கும் அன்று மாத்திரையைத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது. முந்திய கிழமையே தொடங்கியிருக்க வேண்டும்.

மாத்திரை, டெப்போ, குச்சி இவை மூன்றுக்கும் உள்ளுறுப்புப் பரிசோதனை தேவையில்லை. அது கட்டாயம் என்று நினைத்தே கிளினிக் வாசலுக்கு வராத பெண்கள் இருக்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதை விட வேண்டாம்: 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் சாதாரண மாத்திரை (இரண்டு ஹோர்மோன் சேர்ந்தது) கொடுப்பதில்லை. பாலூட்டும் தாய்க்கும் பிள்ளைக்கு 6 மாதம் ஆகும்வரை அந்த மாத்திரை ஏற்றதல்ல. நோன்பு மாதத்தில் மாத்திரை நேரத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று ரமழானுக்கு முன்பே மாற்றிக்கொடுங்கள்.

காட்சி: சிறிய கிளினிக் மண்டபம். ஒரு திரை, ஒரு வாங்கு. இருவர் வாங்கில் இருந்து உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கிறார்கள்.

குரல்:
எல்லாருக்கும் கேட்கிற மாதிரி விசாரிக்கிறார்கள் என்ற மூன்றாவது பதிலைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை. கிளினிக் இல்லாத நாளில் இருவரைத் திரைக்குப் பின்னால் வழமையான குரலில் பேச விட்டு, நீங்கள் காத்திருக்கும் வாங்கில் இருந்து பாருங்கள். சொல் விளங்கினால் வாங்கைத் தள்ளுங்கள், அல்லது மேசையை மறுபக்க மூலைக்கு மாற்றுங்கள். திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. "ஊசிக்காரர் இந்தப் பக்கம்" என்று கூப்பிடவே கூடாது. இலக்கம் கொடுத்துக் கூப்பிடலாம். கணவர் வெளிநாட்டில் இருக்கும்போது மாத்திரை எடுக்கும் ஒருவரைப் பற்றி வாங்கில் இருப்பவர் என்ன பேசுவார் என்று எல்லாருக்கும் தெரியும். மாமி கூட வந்திருந்தாலும் இரண்டு நிமிடம் தனியே பேசுங்கள். லூப் போடவும் குச்சி வைக்கவும் பெண் டொக்டர் எந்த நாளில் வருவார் என்பதை வாசலில் எழுதி வைத்தால், காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வருகிறவர் தொகை கூடும்.

காட்சி: தகரக் கூரைக்குக் கீழ் மருந்துப் பெட்டி. அடுத்து, நிலத்திலிருந்து உயர்ந்த, யன்னலுக்குத் தூரமான அலுமாரி.

குரல்:
"இன்று மருந்து முடிந்துவிட்டது" என்று ஒருதரம் சொன்னால் அந்த ஆளை இழக்கக்கூடும். கடந்த மூன்று மாதத்தில் பாவித்ததைக் கூட்டி மூன்றால் பிரியுங்கள். மாதம் 40 குப்பி என்றால், மூன்று மாதத்துக்கு 120. கையில் 50 இருந்தால் 70 கேளுங்கள். மழைக்கு முன் கொஞ்சம் கூட்டியே கேளுங்கள். காலாவதி முந்துவதை முன் வரிசையில் வையுங்கள். அதிகச் சூடு ஏறும் தகரக் கொட்டிலில் கொண்டம் பெட்டியை வைத்தால் இறப்பர் பழுதாகி, பாவிக்கும்போது கிழியக்கூடும்.

காட்சி: தாய்மார் ஆதரவுக் குழுக் கூட்டம், மர நிழலில்.

குரல்:
பிரசாரம் என்றதும் பெனரும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வரும். இந்த மாவட்டங்களில் அதற்கு நம்பிக்கை குறைவு, காரணமும் இருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு, ஒரு உணவகச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியால் அம்பாறை நகரில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாக்கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை. இதைக் கூட்டங்களில் நேரடியாகச் சொல்லுங்கள், கேள்வி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்று நான்கு வருடமாக ஒரு முறையைப் பாவிக்கும் பெண், விரும்பினால், தானே பேசட்டும். அவர் சொல்வதற்கு உள்ள எடை துண்டுப்பிரசுரத்துக்கு இல்லை.

வதந்தியை வளர்க்கும் ஒரு வேலை கிளினிக்குக்குள்ளேயே நடக்கிறது: குச்சியையோ லூப்பையோ எடுக்கச் சொல்லி வந்தவரிடம் "இன்னும் கொஞ்ச நாள் பாருங்க" என்று தள்ளிப்போடுவது. ஜடெல் குச்சி 5 வருடத்துக்கு என்பதற்காக 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று எவருக்கும் கட்டாயம் இல்லை. பயிற்சி பெற்றவர் அன்று இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எந்த வைத்தியசாலை, எந்த நாள், யாரைக் கேட்பது என்று எழுதிக் கொடுங்கள். எடுத்த பிறகு அட்டையில் திகதி, காரணம், அடுத்து விரும்பும் முறை மூன்றையும் எழுதி, பெட்டியில் அதன் இடத்திலேயே திருப்பி வையுங்கள்.