நெல் மண்டிக் கணக்குக்கு எந்த டேட்டாபேஸ் டூல்?

[திரையில்: மண்டிப் பேரேட்டின் ஒரு பக்கம். தேதி, பெயர், ஊர், ரகம், மூட்டை, எடை, ஈரம், விலை, முன்பணம், பாக்கி]

வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு எப்படியும் ஒருநாள் வந்துவிடும். "தம்பி, நம்ம மண்டிக் கணக்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடேன்." கேட்பவர் மாமாவாக இருப்பார், இல்லையென்றால் பக்கத்துத் தெரு வியாபாரியாக இருப்பார். "சரி மாமா" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை முதலில் தேடுவது, எந்த டூல் நல்லது என்பதைத்தான். ஒவ்வொரு டூலும் என்னென்ன வசதி தருகிறது என்ற நீளமான பட்டியல்கள் கிடைக்கும். படித்து முடித்தால் முன்பைவிடக் குழப்பம் கூடியிருக்கும்.

அந்தப் பட்டியல்களை ஓரமாக வையுங்கள். மாமாவின் பேரேட்டை வாங்கி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து புரட்டுங்கள். அடித்துத் திருத்திய இடங்களைப் பாருங்கள். எங்கே தவறு நுழைந்தது, ஏன் நுழைந்தது என்று கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள். அந்தத் தவறை வாசலிலேயே தடுக்கிற டூல் எதுவோ, அதுதான் உங்களுக்கான டூல். இந்த வீடியோ முழுக்க இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டூல் என்று நாம் சொல்வது மூன்று வெவ்வேறு பொருள்களை. தகவலைச் சேமித்துக் காக்கிற என்ஜின் ஒன்று: எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவை. அந்த என்ஜினைத் திறந்து அட்டவணை அமைக்க, கேள்வி எழுதிப் பார்க்க, டெவலப்பர் பயன்படுத்துகிற மென்பொருள் இன்னொன்று: டிபீவர், பிஜிஅட்மின், டிபி பிரவுசர். கணக்குப்பிள்ளை தினமும் தட்டச்சு செய்கிற படிவம் மூன்றாவது. இதில் முதலாவதைப் பிசகாகத் தேர்ந்தெடுத்தால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. மற்ற இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் நேரத்தை முதலாவதில் செலவழியுங்கள்.

[திரையில்: பேரேட்டில் "12 மூட்டை" என்ற வரி பெரிதாகத் தெரிகிறது]

சரி, பேரேட்டுக்கு வருவோம். "12 மூட்டை" என்று எழுதியிருக்கிறது. எத்தனை கிலோ? அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை என்றால் 40 கிலோ. தனியார் வியாபாரத்தில் 60 கிலோ, 62 கிலோ என்று பேசுவார்கள். எழுதியவருக்கு அன்றைக்கு அது தெரியும். ஆறு மாதம் கழித்துக் கூட்டிப் பார்க்கிறவருக்குத் தெரியாது. நிலத்துக்கும் இதே கதைதான். ஒருவர் 3 மா என்பார், இன்னொருவர் ஒரு ஏக்கர் என்பார், பெரியவர் ஒருவர் அரை வேலி என்பார். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. அப்படியானால் ஒரு மா 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட்.

இதை எந்த டூலும் உங்களுக்காகச் சரிசெய்து தராது. சேமிப்பது ஒரே அலகில்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்: எடை கிராமில், நிலம் சதுர அடியில். திரையில் காட்டும்போது மூட்டையாகவோ மாவாகவோ மாற்றிக் காட்டலாம். ஆனால் நீங்கள் போட்ட விதியை யாரும் மீறாமல் பார்த்துக்கொள்வது என்ஜினின் வேலை. என்ஜின்களுக்குள் வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பது இங்கேதான்.

[திரையில்: இரண்டு ஜன்னல்கள் பக்கத்தில் பக்கத்தில். இடப்பக்கம் எஸ்க்யூலைட், வலப்பக்கம் போஸ்ட்கிரெஸ்]

இரண்டிலும் எடை என்று ஒரு பத்தி, முழு எண் வகை. இரண்டிலும் "62 கிலோ" என்று எழுத்தோடு சேர்த்து இடுகிறேன். போஸ்ட்கிரெஸ் உடனே மறுக்கிறது: இது எண் இல்லை. எஸ்க்யூலைட் வாங்கி வைத்துக்கொள்கிறது. அப்புறம் 100-க்கு மேல் எடையுள்ள வரிகளைக் காட்டு என்று கேட்டால், இந்த 62-ம் வந்து நிற்கிறது. எஸ்க்யூலைட்டின் வரிசைப்படி எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது, அதனால்தான். இது பிழை இல்லை, அவர்கள் தெரிந்தே எடுத்த வடிவமைப்பு. 2021-இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து அட்டவணை அமைக்கும்போது ஸ்ட்ரிக்ட் என்று சேர்த்தால் எஸ்க்யூலைட்டும் மறுக்கும். எஸ்க்யூலைட் எடுக்கிறவர்கள் இந்த ஒரு சொல்லை மறக்காதீர்கள்.

அடுத்த சோதனை. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3-க்குச் சமமா? எஸ்க்யூலைட் இல்லை என்கிறது. போஸ்ட்கிரெஸ் ஆம் என்கிறது. எஸ்க்யூலைட்டில் தசம எண்ணுக்கென்று துல்லியமான வகை கிடையாது. புள்ளி வைத்த எண்ணை அது இரும எண்ணாக மாற்றி வைப்பதால் கடைசி இலக்கங்களில் சிறு பிசகு வருகிறது. போஸ்ட்கிரெஸில் நியூமெரிக், மைஎஸ்க்யூஎல்லில் டெசிமல் என்று துல்லியமான வகைகள் உண்டு. எஸ்க்யூலைட்டில் பணக்கணக்கு வைக்கிறீர்கள் என்றால் ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமியுங்கள். விவசாயிக்குத் தரவேண்டிய பாக்கியில் ஒரு பைசா இடித்தாலும் கணக்கின்மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

மைஎஸ்க்யூஎல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஈரப்பதம் 0-க்கும் 100-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாட்டைச் செக் என்போம். மைஎஸ்க்யூஎல் நெடுங்காலம் அதை எழுத அனுமதித்துவிட்டு, செயல்படுத்தாமலே விட்டுவந்தது. 2019-இல் வந்த 8.0.16 பதிப்பிலிருந்துதான் உண்மையாகவே தடுக்கிறது. பழைய பதிப்பு ஓடுகிற கம்ப்யூட்டர்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் பதிப்பைப் பார்க்காமல் அந்தக் கட்டுப்பாட்டை நம்பாதீர்கள். 17 சதவீத ஈரத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் பேச்சே மாறிவிடுகிற ஊர் இது. 17 என்பது 71 என்று விழுந்தால் கணக்குப்பிள்ளை கண்டுபிடித்துவிடுவார், 170 என்று விழுந்தால் என்ஜினே கண்டுபிடிக்கட்டும்.

[திரையில்: கௌரி / கெளரி]

இனி பெயர்கள். தமிழில் கணக்கு வைக்கிறவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத் தொடுவதே இல்லை. திரையில் உள்ள இரண்டு பெயர்களும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் இருப்பது ஒற்றைக்கொம்பும் ள என்ற எழுத்தும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு பேர். முன்பணம் ஒருவர் பெயரிலும் நெல் வரவு இன்னொருவர் பெயரிலும் ஏறிவிடும். இதுபோலவே கோ என்பதை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் தட்டலாம். இரண்டாவது வகைச் சிக்கலுக்கு, இரண்டையும் ஒரே வடிவமாக்குகிற நார்மலைஸ் என்ற வசதி போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. முதல் வகைக்கு எந்த என்ஜினிலும் மருந்து இல்லை. அதனால் பெயரை அடையாளமாக வைக்கவே வைக்காதீர்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு எண் கொடுங்கள். பெயர் அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

அகரவரிசையும் இப்படித்தான். கமலா, கனகா என்ற இரண்டு பெயரை வரிசைப்படுத்தச் சொன்னால் எஸ்க்யூலைட் கனகாவை முதலில் வைக்கும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யுனிகோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. எஸ்க்யூலைட் அந்த எண்வரிசையைத்தான் பார்க்கிறது. நம் அகராதியில் ன கடைசி மெய், அதனால் கமலாதான் முன்னால் வரவேண்டும். போஸ்ட்கிரெஸில் ஐசியூ என்ற பன்மொழி நூலகத்தின் வழியாகத் தமிழ் வரிசை கிடைக்கிறது, 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து. முந்நூறு பெயருள்ள பட்டியலைத் தாளில் அச்சடித்துத் தேடுகிற கணக்குப்பிள்ளைக்கு இது மிகப் பெரிய உதவி.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. வேலி, குழி, நெல் அளக்கிற குறுணி, பதக்கு எல்லாவற்றுக்கும் பழைய ஏடுகளில் தனிக் குறிகள் இருந்தன. 2019-இல் யுனிகோட் 12 அவற்றைத் தமிழுக்கான துணைத் தொகுதியில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவற்றைச் சேமிக்க நான்கு பைட் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்8 என்ற பெயரில் இருந்த பழைய முறை மூன்று பைட்டோடு நின்றுவிடுகிறது. அன்றாடத் தமிழுக்கு அது போதும், வேலிக் குறிக்குப் போதாது. யுடிஎஃப்8எம்பி4 என்று தேர்ந்தெடுத்தால் போதும், சிக்கல் தீர்ந்தது. நம் பக்கத்துப் பழைய நிலக்கணக்குகளை உள்ளிட யாராவது முன்வந்தால் இது கட்டாயம் தேவைப்படும்.

[திரையில்: எடை மேடையில் ஒரு கம்ப்யூட்டர், அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர், நடுவில் கோடு]

அடுத்து, எழுதுகிற கைகள் எத்தனை? சம்பா அறுவடை நேரத்தில் மண்டியைப் போய்ப் பாருங்கள். எடை மேடையில் ஒருவர் லோடு பதிகிறார், அதே நிமிடம் உள்ளே இன்னொருவர் பணம் பட்டுவாடா செய்கிறார். எஸ்க்யூலைட் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுத விடும். ஒரே கம்ப்யூட்டர் என்றால் அது சிக்கலே இல்லை, தாராளமாகப் போதும். ஆனால் அந்தக் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்து இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து எழுத வைப்பது ஆபத்து. நெட்வொர்க் வழியாகப் பூட்டு சரியாக விழாமல் கோப்பே கெட்டுப்போகலாம் என்று எஸ்க்யூலைட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர் வந்துவிட்டால் போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல்தான்.

மின்சாரம் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லோடு பதிந்தாயிற்று, முன்பணத்தைக் கழிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. இரண்டும் நடக்க வேண்டும் அல்லது இரண்டுமே நடக்கக்கூடாது. இதற்குத்தான் டிரான்சாக்‌ஷன். மூன்று என்ஜின்களிலும் இது உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணை இன்னோடிபி வகையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய மைஐஎஸ்ஏஎம் வகையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. எல்லாவற்றையும் இணையத்திலேயே வைக்கிற சேவைகளைப் பலர் பரிந்துரைப்பார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கணக்கு உள்ளூரில் ஓடட்டும், பிரதி வெளியூரில் இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

எக்செல் போதாதா என்று மாமா கேட்பார். ஒருவர் மட்டும் எழுதுகிற சின்னக் கணக்குக்குப் போதும். ஆனால் எக்செல் தாளுக்கு எல்லை உண்டு: இப்போதைய வடிவில் 10,48,576 வரிகள், பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் 65,536. 2020-இல் இங்கிலாந்தில் அந்தப் பழைய வடிவின் எல்லையை மீறியதால் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுப் பதிவுகள் சில நாட்கள் கணக்கில் வராமல் விடுபட்டன. மண்டிக்கு அத்தனை வரி வராது. மண்டியில் நடக்கக்கூடியது வேறு: ஒரு பத்தியை மட்டும் வரிசைப்படுத்திவிட்டுச் சேமித்தால் யார் நெல் யார் பெயரில் என்றே தெரியாது. ஆக்சஸ் ஓரளவு இதைத் தடுக்கும், படிவமும் எளிதாகச் செய்யலாம். ஆனால் விண்டோஸை விட்டு வெளியே வர முடியாது, கோப்புக்கு 2 ஜிபி எல்லையும் இருக்கிறது.

ஆக, ஒரே கம்ப்யூட்டர், ஒரே கணக்குப்பிள்ளை என்றால் எஸ்க்யூலைட், ஸ்ட்ரிக்ட் அட்டவணைகளோடு. இரண்டு மேசை வந்துவிட்டாலோ, அரவை ஆலையும் சேர்ந்துகொண்டாலோ போஸ்ட்கிரெஸ். இரண்டுமே இலவசம். மைஎஸ்க்யூஎல்லை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அதையே எடுங்கள். சிக்கல் வரும்போது சைக்கிளில் வந்து பார்க்கக்கூடிய ஒரு ஆள், எந்தக் கூடுதல் வசதியையும்விடப் பெரிய காரணம்.

டெவலப்பர் மென்பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். எஸ்க்யூலைட்டுக்கு டிபி பிரவுசர் போதும். டிபீவரின் இலவசப் பதிப்பு மூன்று என்ஜின்களையும் திறக்கும், அதனால் நான் அதையே சொல்வேன். ஒன்று மட்டும்: மவுசால் அழுத்தி அட்டவணையை மாற்றாதீர்கள். மாற்றத்தை எஸ்க்யூஎல் கட்டளையாக ஒரு கோப்பில் எழுதி, தேதியிட்டு வைத்து, அதை ஓட்டுங்கள். நீங்கள் வேலைக்குச் சென்னை போனபின் அடுத்து வருகிற தம்பிக்கு அந்தக் கோப்புகள்தான் வழிகாட்டி. படிவத்துக்கு, ஜாங்கோ என்ற பைதான் வலைக் கட்டமைப்பு தெரிந்தால் அதன் அட்மின் பக்கமே தொடக்கத்துக்குப் போதும்.

[திரையில்: சேமிக்கும் பெட்டியில் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" தேர்வு]

கடைசியாக, பழைய எக்செல் கணக்கை உள்ளே கொண்டுவருவது. சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) என்று கொடுத்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றிய பிறகு இரண்டு பக்கமும் வரிகளின் எண்ணிக்கை, மொத்த எடை, மொத்தப் பாக்கி மூன்றும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்புறம் பிரதி எடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜிடம்ப், எஸ்க்யூலைட் என்றால் பேக்கப் கட்டளை. ஓடிக்கொண்டிருக்கிற எஸ்க்யூலைட் கோப்பை அப்படியே காப்பி செய்வது பாதுகாப்பானது இல்லை. எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டெடுத்து, ஒரு விவசாயியின் பாக்கியைப் பேரேட்டோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள், மாமாவை உட்கார வைத்து. ஒரு பருவம் முடியும்வரை நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை இரண்டையும் ஒத்துப்பார்த்து, வித்தியாசம் வந்த வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்தக் கட்டுப்பாட்டைச் சேர்க்க வேண்டும் என்பதை அந்த வரிகளிலிருந்து எடுக்கலாம்.