பேரேட்டில் ஏறாத நட்டம்

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சிராப்பள்ளி வளர்கிறதா என்று யாரேனும் கேட்டால், ஆம் என்று சொல்வதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டு, ஜூலை முதல் வெளியூர்ப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படத் தொடங்கின. அதன் அருகிலேயே டைடல் பூங்காவுக்கும் மொத்தக் காய்கறிச் சந்தைக்கும் பணிகள் தொடங்கப்பட்டிருக்கின்றன. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வரவுகள். ஆனால், வணிகர்களின் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இந்த நகரத்தின் லாபத்திலும் நட்டத்திலும் பெரும்பகுதி யாருடைய பேரேட்டிலும் ஏறுவதில்லை என்ற எண்ணம் ஆண்டுக்காண்டு உறுதிப்பட்டு வருகிறது. அவ்வாறு ஏறாமல் போனவற்றைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

ஓர் ஊருக்கு வந்தது பல வேளைகளில் இன்னோர் ஊரிலிருந்து போனதாகவே இருக்கும். காவிரிப் படுகையில் இதற்குப் பொன்மலையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை முன்பு நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில், வெவ்வேறு ஊர்களில் இருந்த பணிமனைகளை ஓரிடத்தில் குவிப்பது சிக்கனம் என்று கருதிய நிர்வாகம், திருச்சிக்கு அருகே பொன்மலையில் ஒரு பெரும் பணிமனையை எழுப்பியது. அந்த இடமாற்றத்தோடு சேர்ந்து வந்த ஆட்குறைப்பை எதிர்த்தே 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறைப்பட்டனர். திருச்சிக்கு மாதச் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும், அவர்களை நம்பி வளர்ந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் கிடைத்தன. அந்தச் சம்பள நாளை நம்பி நாகையில் கடன் கொடுத்துச் சரக்கு விற்றுக்கொண்டிருந்த மளிகைக்காரரும் துணிக்கடைக்காரரும் என்ன இழந்தார்கள் என்பதற்குக் கணக்கு எதுவும் இல்லை. ரயில்வேயின் ஏடுகளில் அது செலவு மிச்சம் என்ற தலைப்பில் ஏறியிருக்கும்.

நாகைத் துறைமுகத்தின் கதையும் அதேதான். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போக வேண்டிய டெல்டாக்காரர்கள் ஒரு காலத்தில் நாகையில்தான் கப்பலேறினார்கள். ரஜூலாவும் அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பலும் இன்றும் பெரியவர்கள் வாயில் புழங்குகிற பெயர்கள். 1985-இல் சிதம்பரம் கப்பல் தீப்பற்றியதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்து நின்றது. அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று திருச்சியில் விமானம் ஏறுகிறார்கள். அவர்களை வழியனுப்ப வருகிற உறவினர்கள் சாப்பிடுவதும், தங்குவதும், ஊருக்குத் திரும்புமுன் துணியும் நகையும் எடுப்பதும் திருச்சிக் கடைகளில்தான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். திருவெறும்பூரில் 'பெல்' எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை 1965-இல் செயல்படத் தொடங்கியது. அனல்மின் நிலையங்களுக்கான உயர் அழுத்தக் கொதிகலன்களைச் செய்கிற அந்த ஆலையை நம்பி, துவாக்குடியிலும் அரியமங்கலத்திலும் தஞ்சாவூர்ச் சாலையின் இருமருங்கிலும் நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் பட்டறைகள் தோன்றின. பெரும்பாலும் இரும்பையும் வரைபடத்தையும் 'பெல்' கொடுத்துவிடும்; பட்டறை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, தர ஆய்வை முடித்துத் திருப்பி அனுப்பும்; கூலி டன் கணக்கில் வரும். வாங்கிய இரும்புக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர, சரக்கு விற்குமா, விலை இறங்குமா என்ற கவலையெல்லாம் பட்டறைக்காரருக்கு இல்லை. ஏற்பாடு வசதியானது. ஆனால் வாடிக்கையாளர் ஒருவரே என்பதால், அவருக்குத் தும்மல் வந்தால் இவருக்குக் காய்ச்சல் என்ற நிலையும் அந்த வசதிக்குள்ளேயே இருந்தது.

2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடெங்கும் தனியார் மின் நிலையங்கள் திட்டமிடப்பட்டபோது, கொதிகலன் ஆணைகள் குவிந்தன. பட்டறைக்காரர்கள் புதிய கொட்டகை போட்டார்கள், கிரேன் வாங்கினார்கள், மின் இணைப்பின் அளவைக் கூட்டிக்கொண்டார்கள். இவையெல்லாம் வங்கிக் கடனில் நடந்தவை. பிறகு நிலக்கரித் தட்டுப்பாடு வந்தது. சீனக் கொதிகலன்களின் போட்டி வந்தது. மின்சாரத்தை வாங்கிய வாரியங்கள் பணம் கொடுக்கத் தாமதித்தன. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. டெல்லியில் சொல்லப்பட்ட ஒரு தீர்ப்பின் எதிரொலி துவாக்குடியில் ஒரு கொட்டகைப் பூட்டில் போய் முடியும் என்று அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வேலை நின்றாலும் வட்டி நிற்காது. ஒரு யூனிட் மின்சாரம்கூட எரிக்காவிட்டாலும், வாங்கிவைத்த மின் அளவுக்கான டிமாண்ட் சார்ஜ் மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும்.

இந்த நட்டங்கள் எழுதப்பட்டவை. வங்கியின் வாராக்கடன் பட்டியலிலும், பட்டறையின் தேய்மானக் கணக்கிலும் அவற்றைப் பார்க்கலாம். எழுதப்படாதது வெல்டர்களின் இழப்பு. உயர் அழுத்தக் குழாயைப் பற்றவைக்கத் தெரிந்த ஒரு வெல்டரை ஆறு மாதத்தில் உருவாக்கிவிட முடியாது. அவர் போட்ட இணைப்பு எக்ஸ்ரே படத்தில் குறையில்லாமல் தேற வேண்டும், அந்தக் கை பல ஆண்டுகள் பழக வேண்டும். வேலை நின்றபோது அப்படிப்பட்டவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் குஜராத்துக்கும் போனார்கள். அண்மை ஆண்டுகளில் அனல்மின் ஆணைகள் மீண்டும் வரத் தொடங்கியிருக்கின்றன. கொட்டகை இருக்கிறது, கிரேன் இருக்கிறது, அந்தக் கைகள் இல்லை. போனவர்கள் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். லால்குடிப் பக்கத்திலும் திருவெறும்பூர்ப் பக்கத்திலும் அவர்கள் கட்டிய வீடுகள் நிற்கின்றன. திருச்சிப் பட்டறைகள் தம் செலவில் கற்றுக்கொடுத்த கைத்திறனின் பலன், மனை விற்பவர் கணக்கிலும் நகைக்கடைக் கணக்கிலும் வரவாகியிருக்கிறது. நகரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் பட்டறைக்காரர் வங்கியில் போய் அந்தக் கூட்டுத் தொகையைக் காட்ட முடியாது.

தப்பித்தவர்களும் உண்டு. காற்றாலைத் தூண், சர்க்கரை ஆலை உதிரிகள் என்று வேறு வேலைகளையும் கையில் வைத்திருந்தவர்கள், நல்ல நாளில் லாபம் குறைவாகவே பார்த்தார்கள். கெட்ட நாளில் கடையை மூடவில்லை. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் தொழிலில் அந்த மாற்று வழியும் இருக்கவில்லை. திருச்சியையும் புதுக்கோட்டையையும் சுற்றிய சிற்றூர்களில் வீட்டுக்கு வீடு நடந்த வேலை அது. இயந்திரத்தில் தீட்டிய சீனக் கற்கள் வந்தபின் சுருங்கிப்போனது.

அடுத்தது பேருந்து நிலையம். மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கிற விடுதிகள், மெஸ்கள், பழக்கடைகள், பெட்டிக்கடைகள் ஆகியவற்றின் வியாபாரம் பேருந்துக்காகக் காத்திருக்கிற பயணியை நம்பியது. கும்பகோணத்திலிருந்து வந்து மதுரைக்கு மாற வேண்டியவர் இடையில் அரை மணி நேரம் நிற்பார். அந்த அரை மணி நேரம்தான் அந்தக் கடைகளின் மூலதனம். வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூருக்குப் போனபோது அந்த மூலதனமும் போய்விட்டது. இடமாற்றம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நகரின் நடுவில் அந்த நெரிசலை இனியும் தாங்கியிருக்க முடியாது. பயணிகளுக்குப் புதிய முனையம் தருகிற வசதியை மறுப்பதற்கில்லை. நான் பேசுவது பகடியைப் பற்றி.

பகடி என்பது கடையை எடுத்து நடத்துகிறவர், முன்பு நடத்தியவருக்கோ கட்டட உரிமையாளருக்கோ அந்த இடத்தின் ராசிக்காகக் கொடுக்கிற தொகை. வாடகையும் முன்பணமும் இதில் சேராது. வாடகை ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, ரசீது கிடையாது, பெரும்பாலும் ரொக்கம். மனைவியின் நகையை விற்றும், ஊரில் ஒரு மா நிலத்தைக் கொடுத்தும் பகடி கட்டியவர்களை எனக்குத் தெரியும். தனக்குப் பின் கடை எடுக்க வருகிறவர் அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பணம் கொடுக்கப்படுகிறது. பேருந்து போய்விட்டால் அடுத்து வருகிறவர் யார்? கொடுத்த தொகை எந்த ஏட்டிலும் சொத்தாக ஏறவில்லை. ஆகவே அதன் அழிவை நட்டமாகவும் எழுத முடியாது. இழப்பீடு கேட்டு மனுப் போட்டாலும் இணைப்பதற்கு ஒரு காகிதம் இல்லை. தெருவோரக் கடைக்காரருக்குக்கூட 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இடம் மாற்றுவதற்கு 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பகடி கட்டிய கடைக்காரரோ சட்டத்தின் கண்ணில் வெறும் வாடகைதாரர்.

இதே நேரத்தில் பஞ்சப்பூரை ஒட்டி நிலம் வைத்திருந்தவர்களின் மதிப்பு ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்தில் பத்திரப் பதிவில் வழிகாட்டி மதிப்பாகத் தெரிவது ஒரு பகுதிதான். மிச்சம் பகடியைப் போலவே எழுத்தில் வராதது. ஒருவருடைய எழுதாத நட்டத்துக்கும் மற்றவருடைய எழுதாத லாபத்துக்கும் காரணம் ஒரே அரசாணை. இந்த இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பதற்கு எந்த அலுவலகமும் இல்லை.

நகரின் மொத்தக் காய்கறிச் சந்தையான காந்தி மார்க்கெட்டின் வணிகர்கள் கள்ளிக்குடிக்குப் போக மறுத்ததையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் பல கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட மத்திய வணிக வளாகம் 2017-இல் திறக்கப்பட்டும், வணிகர்கள் போகாததால் ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தது. வணிகர்களின் பிடிவாதம் என்று பலர் சொன்னார்கள். பிடிவாதமும் ஓரளவு இருந்திருக்கலாம். ஆனால் மண்டி வியாபாரம் நடப்பது கட்டடத்தில் அன்று. விடியுமுன் சரக்கை இறக்குகிற சுமைப்பணியாளர், காலையில் கடனுக்கு எடுத்து மாலையில் பணம் தருகிற தள்ளுவண்டிக்காரர், முன்பணம் வாங்கிக்கொண்டு இந்த மண்டிக்கே வாழைத்தாரை அனுப்புகிற தொட்டியத்து விவசாயி ஆகியோருக்கு இடையே ஓடுகிற நம்பிக்கைக் கடனில் நடக்கிறது. அதில் பெரும்பகுதி துண்டுச் சீட்டிலும் நினைவிலும் இருப்பது. தள்ளுவண்டிக்காரர் வந்து போக முடியாத தூரத்துக்கு மண்டியைக் கொண்டுபோனால், அந்தக் கடன் வசூலாகாது. அறைகளின் நீள அகலத்தை அளந்தவர்கள் இதை அளக்கவில்லை.

டெல்டாவிலிருந்து நகரத்துக்கு வந்து சேருகிற பணத்தின் வழியும் மாறியிருக்கிறது. முன்பு நெல்லை உள்ளூர் வியாபாரிதான் எடுப்பார். உரக்கடைக் கடனும் மளிகைக் கடனும் களத்திலேயே கழிந்து, மிச்சம்தான் விவசாயி கைக்கு வரும். இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. இடைத்தரகர் கையிலிருந்து விவசாயி விடுபட்டது நல்ல மாற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனாலேயே அந்தப் பணம் மன்னார்குடிக் கடைவீதியிலோ பாபநாசத்திலோ தங்க வேண்டிய கட்டாயமும் நீங்கிவிட்டது. தை பிறந்ததும் அது நேராகத் திருச்சிப் பெரிய கடைவீதிக்கும் என்.எஸ்.பி. சாலைக்கும் வந்துவிட முடிகிறது. ஆனால் அந்த வரவும் மேட்டூரைப் பொறுத்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. குறுவை தவறிய ஆண்டுகளில், விவசாயத்தோடு நேரடித் தொடர்பே இல்லாத துணிக்கடைகளின் தீபாவளி விற்பனையும் குறைந்ததை நான் பார்த்த கணக்குகளில் கண்டிருக்கிறேன்.

ஒரு சிறு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. சில நாளிலேயே கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர்களானாலும் சரி, வேறு ஊர்க்காரர்களானாலும் சரி, எழுத்தில் இருக்கிற விதிக்கு ஒரு கிலோ அரிசியால் விடை சொல்லத் தெரிந்தவர்கள். எழுத்தில் இல்லாத நட்டத்துக்குத்தான் அவர்களிடமும் விடை இல்லை.

பஞ்சப்பூரில் மொத்தக் காய்கறிச் சந்தை செயல்படத் தொடங்குவதற்குள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், உள்வாடகைக்கு நடத்துபவர், சுமைப்பணியாளர், கடனுக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஆகிய எல்லோரையும், கொடுக்கல் வாங்கல் விவரத்தோடு மாநகராட்சியும் வணிகர் சங்கங்களும் சேர்ந்து ஒரு பதிவேட்டில் எழுதலாம். புதிய சந்தையில் கைமாறும் எந்தத் தொகையும் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று முதல் நாளிலேயே நிபந்தனை வைக்கலாம். எழுதினால் வரி வருமே என்று சிலர் தயங்குவார்கள். அப்படித் தயங்குகிறவர்கள், மத்திய பேருந்து நிலையத்துக்கு எதிரே பகடி கட்டிக் கடை எடுத்தவர்களிடம் ஒருமுறை பேசிவிட்டு வரட்டும்.

நன்றி, வணக்கம்.